கயத்தானுக்கு விழுந்த தீர்வை

பெரிய மனிதர்கள் கூடிப் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. எனக்கு வாய்த்தது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனதுதான் மிச்சம்.

ஓங்கல் தீவின் சுங்க வருமானத்தை மூன்று வல்லரசுகள் கூட்டாக வசூலித்த காலத்தில் நான் அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர். பெயர் திரேசம்மாள். வடக்குக் கூட்டரசு, மேற்குக் கூட்டரசு, கிழக்குக் கூட்டரசு என்று மூன்று தரப்பு; தரப்புக்கு ஒரு தூதர். கடல் ஏறி வந்த வருடங்களில் தீவைச் சுற்றிச் சுவர் கட்ட மூவரும் கடன் கொடுத்தார்கள். சுவரைக் கட்டியதும் அவர்களுடைய கம்பெனிகள்தான். இரண்டாம் மழைக்கே சுவர் படுத்துக்கொண்டது. சுவர் போனாலும் கடன் போகவில்லை. அதற்கு ஈடாக எங்கள் துறைமுகத்தின் சுங்கத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு 'நட்புறவு ஒத்துழைப்பு' என்று பெயர் வைத்தார்கள். அதைத் தமிழில் சொன்னது நான். வாய் கூசாமல் சொல்வதற்குத்தானே சம்பளம்.

கரையில் எவருடைய கட்டடத்தில் கூடுவது என்று சண்டை வந்ததால், கூட்டங்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்ட ஒரு கப்பலில் நடந்தன. கப்பலில் எவர் கொடி மேலே பறப்பது என்று ஒரு மழைக்காலம் முழுக்க விவாதித்துவிட்டு, கடைசியில் கொடியே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் அதைக் கொள்ளைக் கப்பல் என்று நினைத்திருப்பார்கள். நினைத்ததில் தப்பும் இல்லை.

அந்தக் கப்பலுக்கு என்னைத் தினமும் ஏற்றிப் போய் இறக்கியவன் கயத்தான். சொந்தமாக ஒரு வள்ளம், வெயிலில் ஓடும் ஒரு மோட்டார், ஊர் முழுக்கக் கேட்கும் ஒரு வாய். இவ்வளவுதான் அவன் சொத்து. கூட்டம் எவ்வளவு இழுத்தாலும் கப்பலுக்கடியில் வள்ளத்தைக் கட்டிக்கொண்டு கிடப்பான். வேறு வேலை இல்லாதவன் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

"என்ன தொரைச்சாணி, இன்னைக்கு எதை வித்துட்டு வரப் போறீய?" என்பான், நான் வள்ளத்தில் கால் வைத்ததும்.

"வாயை மூடிட்டு ஓட்டு."

"ஏதோ வாசல் வைக்காகளாமே. தராசா அது?"

"தராசு இல்ல. மூணு பேருக்கும் மூணு விலைப்பட்டியல் இருக்கு. வடக்கன் பட்டியல்ல மேற்கன் சரக்குக்குத் தீர்வை கூட. மேற்கன் பட்டியல்ல கிழக்கன் சரக்குக்குக் கூட. எந்தப் பட்டியலை வைக்கன்னு ஒரு வருசமா மண்டையை ஒடைச்சிக்கிட்டாக. அதான், பட்டியலே வேண்டாம்னு ஒரு மிஷினு. நீ உன் சாமானைக் கையில பிடிச்சுக்கிட்டு அந்த வாசல்ல நுழையணும். அந்தச் சாமான் உனக்கு எம்புட்டு முக்கியம்னு அது உன் மூளையைப் பாத்துச் சொல்லிரும். அதுக்குத் தக்கன தீர்வை."

"கடைக்காரன் விலை இல்லையா?"

"இல்ல. உன் மனசுல உள்ள விலை."

கயத்தான் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "அப்ப கப்பல் கப்பலாச் சரக்கு எறக்குற மொதலாளி, கூலியாளை விட்டுத் தூக்கச் சொல்லிருவான். கூலியாளுக்கு அதுல என்ன இருக்கு? இடுப்பு வலிதான் இருக்கு. நாம நம்ம வீட்டுக்கு வாங்குத சட்டியை நாமதான தூக்கிட்டு வரணும்?"

"ஆமா."

"இது அந்தத் தொரைமாருக்குத் தெரியாதா?"

"தெரியாமலா வைக்காக?" என்றேன். "வள்ளத்தை எடு. நேரமாச்சு."

வாசல் வந்தது. இரண்டு தூண், மேலே தீர்வைத் தொகையைக் காட்டும் ஒரு பலகை. அவன் சொன்னபடியேதான் நடந்தது. மூன்று நாட்டுக் கம்பெனிகளின் சரக்கும் கூலியாட்களின் முதுகில் ஏறிச் சும்மா உள்ளே போனது. அக்கரையில் பிள்ளைக்கு ஒரு கவுன் வாங்கி வந்தவளுக்கு, கவுன் விலையைப்போலப் பல மடங்கு தீர்வை விழுந்தது. ஜனங்கள் என்ன லேசுப்பட்டவர்களா? படகிலேயே பைகளை மாற்றிக்கொண்டார்கள். உன் பையை நான் தூக்குகிறேன், என் பையை நீ தூக்கு, உள்ளே என்ன என்று கேட்காதே. தூதர்கள் பதறிப்போய்க் கூடி, அவரவர் சாமானை அவரவரே தூக்க வேண்டும், கம்பெனிச் சரக்குக்கு மட்டும் கூலியாள் போதும் என்று விதி போட்டார்கள். வேறெதற்கும் அவ்வளவு சீக்கிரம் ஒற்றுமை வந்து நான் பார்த்ததில்லை.

பிறகு ஆரம்பித்ததுதான் ஏச்சு. வரிசையில் நிற்கும்போதே அவரவர் கையில் உள்ளதை வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுத்து வந்த ஒரு அம்மா அதைத் தோளில் போட்டுக்கொண்டு, "இதெல்லாம் ஒரு சேலையா, சாக்கு! சாக்குகூடக் கொஞ்சம் வழவழன்னு இருக்கும்" என்று கத்துவாள். ஆடு வாங்கி வந்தவன், "மூஞ்சியப் பாரு, நீயெல்லாம் ஆடுன்னு வெளிய சொல்லாத" என்று அதன் காதைப் பிடித்துத் திருகுவான். ஏசினால் மனசில் மதிப்புக் குறையும், பலகையில் தொகை குறையும் என்று கணக்கு. கொஞ்சம் குறையவும் செய்தது. ஆனால் ஏசி ஏசிப் பழகிய வாய் வீட்டுக்குப் போனால் மட்டும் நிற்குமா? தீவில் யாரும் எதையும் நல்லா இருக்கு என்று சொல்வதே நின்றுபோனது. பிள்ளைக்குப் பொம்மை வாங்கும்போது பிள்ளையை நினைக்காமல் வாங்கப் பழகினார்கள். இதெல்லாம் எந்தத் தூதரின் அறிக்கையிலும் வரவில்லை. வருமானம் உயர்ந்தது என்று மட்டும் வந்தது.

எனக்கு இந்தத் தொல்லையே இல்லை. என் பை எப்போதும் சைபர் காட்டும். மொழிபெயர்ப்பவள் எதையும் மனசில் தங்க விடக் கூடாது. காதில் விழுவது வாய் வழியாகப் போய்விட வேண்டும். அதில் எனக்குப் பெருமைதான்.

"மனசுன்னு ஒண்ணு இருந்தாத்தான தீர்வை விழும்," என்பான் கயத்தான். "தொரைச்சாணிக்கு அரசாங்கமே ஒண்ணும் பண்ண முடியாது."

ஐப்பசியில் அவனுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கேயே செத்துப்போனான். சேதி வந்த அன்று எனக்குக் கூட்டம் இருந்தது. வேறு வள்ளம் பிடித்துப் போய்விட்டு வந்தேன். அழவில்லை.

அவன் பெண்சாதி பிலோமி பெட்டியோடு படகில் வந்து இறங்கினாள். சிலுவை நிற்கும் குருசடிப் பக்கத்துக் கல்லறையில் குழி வெட்டியாகிவிட்டது. மணி அடிக்கக் கோயில் பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் வெளியிலிருந்து வரும் எதுவும் வாசல் வழியாகத்தான் வர வேண்டும். பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து, விதிப்படி பிலோமியின் கையை அதன்மேல் வைக்கச் சொன்னார்கள். அவள் நுழைந்தாள். பலகையில் விழுந்த தொகையைச் சுங்கக் குமாஸ்தாவே இரண்டு தடவை எண்ணிப் படித்தான். வள்ளத்தை விற்று, வீட்டையும் விற்றாலும் கட்ட முடியாத தொகை.

"வள்ளத்தை எழுதிக் குடுத்தா மிச்சத்துக்குத் தவணை போடலாம்," என்றான் குமாஸ்தா.

"வள்ளம் போனா நான் என்னத்தத் திங்க?" என்றாள் பிலோமி. "பெட்டியக் குடுங்கய்யா. மண்ணு மூடணும்."

பெட்டியை ஐஸ் கிடங்கில் வைத்தார்கள். ஒரு பக்கம் வடக்குக் கம்பெனியின் இறால், இன்னொரு பக்கம் மேற்குக் கம்பெனியின் வெண்ணெய், நடுவில் கயத்தான். இறாலுக்கும் வெண்ணெய்க்கும் தீர்வை இல்லை.

அன்றே கப்பலில் அவசரக் கூட்டம். இறந்தவர் உடல் எந்த வகைச் சரக்கு என்பதுதான் பொருள்.

"தீவில் விளைந்தது, வெளியே போய்த் திரும்புகிறது. ஆகவே மறு இறக்குமதி," என்றார் வடக்குத் தூதர். நெடுநெடுவென்று இருப்பார், குனிந்து யாரையும் பார்த்ததில்லை.

"உயிரோடு போனது, உயிரில்லாமல் வருகிறது. ஆகவே உருமாற்றம் பெற்ற சரக்கு," என்றார் மேற்குத் தூதர். எதைச் சொன்னாலும் மீசையைத் தடவிக்கொள்வார்.

"எந்த வகையானாலும் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு வந்தால் ஆட்சேபம் இல்லை," என்றார் கிழக்குத் தூதர். மூவரில் யோக்கியன் இவர்தான். வெட்கமில்லாமல் உண்மையைச் சொல்லிவிடுவார்.

என் வேலை பேசுவதை மாற்றிச் சொல்வது மட்டும். இருந்தும் அன்று கேட்டேன். "இரக்கப்பட்டு ஒரு விலக்கு அளிக்கலாமா என்று தீவார் கேட்கிறார்கள்." தீவார் யாரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

வடக்குத் தூதர் பெருமூச்சு விட்டார். "அம்மையாரே, இன்று ஒருவருக்கு விலக்கு அளித்தால் நாளை எல்லோரும் செத்துப்போவார்கள்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பெருந்தன்மையாக, இன்னொரு முறை வாசலில் நுழைந்து பார்க்க பிலோமிக்கு அனுமதி கொடுத்தார்கள். இதற்கே மூன்று பேரும் கைகுலுக்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஊரே துறைமுகத்துக்கு வந்துவிட்டது. செத்த வீட்டில் மார்பில் அடித்துக்கொண்டு, மகராசனே மாணிக்கமே என்று பாட வேண்டிய பெண்கள் பெட்டியைச் சுற்றி நின்று கயத்தானை ஏச ஆரம்பித்தார்கள். பிலோமியின் மனசில் அவன் மதிப்பைக் குறைக்க வேண்டுமே!

"குடிகாரப் பய! திருநாளன்னைக்கு ரோட்டுல விழுந்து கெடந்தவன்!" என்றாள் சவேரியாயி, அவனுக்குச் சித்தி முறை.

"பாட்டுப் பாடுதேன்னு ஊரு ஒறக்கத்தக் கெடுத்தவன்!"

"நீ ஏசு பிலோமி. உன் வாயால ஏசு. அப்பத்தான் கொறையும்."

பிலோமி பெட்டிமேல் கையை வைத்தாள். "பாவி மனுசா," என்று தொடங்கினாள். "கல்யாணத்துக்கே பிந்தி வந்தவன்தான நீ? கோயில்ல அம்புட்டுப் பேரும் என்னையப் பாத்துச் சிரிக்க, வலையில பெரிய மீனு மாட்டிருச்சுன்னு ஈரச் சட்டையோட வந்து நின்னியே. வெக்கமா இல்ல? உப்பில்லாத கொழம்ப ஊத்துனாலும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு பொய்யாச் சொன்னியே, வாயில புழுத்தான் பொறக்கும் உனக்கு. எனக்குக் காய்ச்சன்னா நீ ஏன்டா பட்டினி கெடந்த, மடப்பயலே? ஆஸ்பத்திரில மூச்சு முட்டுது, அப்பவும் 'ஏ பிலோமி, சாப்டியா'ன்னு கேக்க. உனக்கு அறிவு இருக்கா? செத்துப் போற நேரத்துல கேக்குற கேள்வியா அது?"

தள்ளுவண்டி வாசலில் நுழைந்தது. அவள் ஏச ஏசப் பலகையில் தொகை ஏறிக்கொண்டே போனது. முதல் நாள் விழுந்ததைப் போல இரண்டு மடங்கில் போய் நின்றது. ஏசிய பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெட்டி மறுபடி ஐஸ் கிடங்குக்குப் போனது.

நான் கிடங்கு வாசலில் பிலோமி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன் போனேன் என்று கேட்டால், வழியில் இருந்தது, போனேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தீவில் எல்லோரும் பார்த்துச் சிரித்த காட்சி ஒன்று உண்டு. தீர்வை கட்ட முடியாமல் யாராவது சாமானைக் கைவிட்டால் அது மூன்று அரசுக்கும் பொதுச் சொத்தாகிவிடும். பங்கு பிரிக்க அதை மதிப்பிட வேண்டும். மதிப்பிட வாசலுக்குள் கொண்டுபோக வேண்டும். ஆனால் ஒருவரின் ஆளை இன்னொருவர் நம்புவதில்லை. தள்ளுவண்டி மேற்குக் கம்பெனியுடையது என்பதால் அதில் ஏற்ற மற்ற இருவரும் விடுவதில்லை. ஆகவே தூதர்கள் மூவரும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு தாங்களே தூக்குவார்கள். ஒரு முறை ஒரு பெட்டி சாராயத்தை இப்படித் தூக்கிப் போனார்கள். பலகையில் தொகை எகிறிவிட்டது.

"பிலோமி, இந்தப் பெட்டிய நீ கைவிட்டேன்னு சொல்லு," என்றேன்.

அவள் என்னை அடிக்காத குறை. "என்ன பேச்சு பேசுதீய?"

"கேளு. கைவிட்டா அவனுக மூணு பேரும்தான் தூக்கணும். அவனுக மனசுல கயத்தானுக்கு என்ன மதிப்பு இருக்கும்? பலகையில சைபர் விழும். பலகையில விழுந்ததக் கட்டிட்டு அன்னைக்கே நீ மீட்டுக்கிடலாம், அதுக்கு விதி இருக்கு. சைபரக் கட்டிட்டுப் போய் மண்ணு மூடு."

"சாவு பிரிக்கது வரைக்கும்னு கோயில்ல சொல்லியிருக்கேன். சாவு பிரிச்ச பெறவும் நான் விடல. இப்ப அவனுக முன்னாடி நின்னு, எம் மாப்பிள்ளை எனக்கு வேண்டாம்னு சொல்லணுமா?"

"வாயாலதான சொல்லப் போற. வாயில வாரது எல்லாம் மனசுல இருக்கணும்னு இருக்கா என்ன? என்னையப் பாரு."

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

மூன்று தூதர்களும் கரைக்கு வந்தார்கள். பிலோமி அவர்கள் முன்னால் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, "இந்தப் பெட்டி எனக்கு வேண்டாம். கைவிட்டேன்," என்றாள். அவள் ஒரு தடவைதான் சொன்னாள். நான் அதை மூன்று மொழியில், ஒன்றன்பின் ஒன்றாக, மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை பாதியில் விட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கடல்காற்றின் இரைச்சலால் என்று நினைத்தேன்.

கையுறைகள் மாட்டப்பட்டன. தலைமாட்டில் எவர் பிடிப்பது என்று தகராறு வந்து பெட்டியை இரண்டு முறை கீழே வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பெட்டிக்கு நான்கு மூலை, தூதர்கள் மூன்று பேர் என்பது அந்த மேதாவிகளுக்கு உறைத்தது. நான்காவது மூலையை எவருடைய ஆள் பிடித்தாலும் அவர் தரப்பு இரண்டாகிவிடும்.

"மொழிபெயர்ப்பாளர் அம்மையார் பிடிக்கட்டும்," என்றார் கிழக்குத் தூதர். "அவருக்கு எந்தப் பக்கமும் இல்லை."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பயம் இல்லை. எனக்குத்தான் எப்போதும் சைபர் ஆயிற்றே! கால்மாட்டில் இடது மூலையைப் பிடித்தேன். கயத்தான் கனமாகவே இல்லை. ஆஸ்பத்திரி அவனைத் தின்றுவிட்டிருந்தது. நாலு பேரும் வாசலில் நுழைந்தோம்.

பலகையில் சைபர் விழுந்தது. கூட்டத்தில் யாரோ "சேசுவே" என்றார்கள். அந்தச் சமயம் பார்த்து எனக்கு, காத்துக் கிடந்துவிட்டு என்னைக் கண்டதும் அவன் பீடியை அணைத்துக் கடலில் போடுவது ஞாபகம் வந்தது. பலகை அசைந்தது. சைபர் போய் ஒரு தொகை வந்து நின்றது. சின்னத் தொகைதான். ஒரு படி நெத்திலி வாங்கலாம்.

மூன்று தூதர்களும் பெட்டியைப் பிடித்தபடியே ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லுவேன். நம் மூவரில் எவனுக்கோ இந்தத் தீவுக்காரன்மேல் ஏதோ இருக்கிறது! தீவார் எவரோடும் எந்தத் தூதருக்கும் தனிப்பட்ட ஒட்டு உறவு கூடாது என்பதுதானே ஒப்பந்தத்தின் ஆணிவேர்?

"கயத்தான் யாருடைய ஆள்?" என்று வடக்கு மேற்கைக் கேட்டது. "அதைக் கிழக்கு அல்லவா சொல்ல வேண்டும்," என்றது மேற்கு. செத்தவன் எவருக்கு உளவு பார்த்தான் என்று அன்றே மூன்று தலைநகரங்களுக்கும் அவசரச் செய்தி பறந்தது. நான்காவது மூலையில் நின்ற என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளரை ஆள் என்று எண்ணும் வழக்கம் அவர்களிடம் இல்லை. இத்தனை வருட அவமதிப்பில் அன்று ஒரு நாள்தான் அது எனக்கு உதவியது.

பிலோமி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணி வைத்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டாள். கோயில் மணி அடித்தது.

அதன்பின் கூட்டு வசூல் நீடிக்கவில்லை. ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட்டு, வாசலில் அவரவர் கொடுத்த பாகத்தை அவரவரே கழற்றிக்கொண்டு போனார்கள். விளக்கு வடக்குக்கு, பலகை மேற்குக்கு, கம்பிகள் கிழக்குக்கு. இரண்டு தூண் மட்டும் மிச்சம். அதில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். கடன் அப்படியே இருக்கிறது. புது விலைப்பட்டியல் போடுவதற்குக் கப்பலில் மறுபடி கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுபடி போகிறேன்.

என்னை ஏற்றிப் போவது பிலோமி. வள்ளத்தை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். முதல் நாள் பாதிக் கடல் வரைக்கும் வேகமாக ஓட்டினாள். பிறகு மோட்டாரை நிறுத்தினாள்.

"அன்னைக்குப் பலகையில விழுந்த நெத்திலிக் காசு உங்களாலதான அக்கா?"

"என்னத்தச் சொல்லுத?"

"நடிக்காதீய. அவனுக மூணு பேருக்கும் விழுந்திருக்குமா?" சுக்கானைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "உங்களுக்காகக் கப்பலுக்கடியில காத்துக் கெடந்து காத்துக் கெடந்து எத்தன நாளு சாயங்காலம் வலை போடப் போகாம இருந்திருக்காரு தெரியுமா? 'பாவம்ல, அந்த அம்மாவுக்கு வேற ஆளு யாரு இருக்கா'ன்னு சொல்லுவாரு. அதுக்கு எங்கிட்ட வாங்காத ஏச்சு இல்ல. அம்புட்டுக்கும் ஒரு படி நெத்திலிதானா?"

வேறு வேலை இல்லாதவன் என்று நினைத்திருந்தேன். நடுக்கடலில், கூட்டத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்க, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நான் அழுதேன். எனக்கு வெட்கமாக இருந்தது, நிறுத்த முடியவில்லை.

பிலோமி வள்ளத்தில் ஏறிய தண்ணீரை இறைத்துக் கொட்டினாள். பிறகு தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு மோட்டாரை முடுக்கினாள்.

"நல்லவேளை, வாசலக் கழத்திட்டுப் போயிட்டானுவ," என்றாள். "இப்ப நீங்க அவரு பெட்டியப் பிடிச்சு நுழைஞ்சா, தீர்வைக்கு என் வள்ளமே போயிரும்."